கொதிக்கும் எண்ணெயில் உப்புத்தண்ணீர்

1. எட்டுப் பேர் சிரித்தார்கள்

பொன்னையன் மாஸ்டர் என் கண் முன்னால் கொதிக்கும் எண்ணெயில் ஒரு குவளை தண்ணீரை ஊற்றினார். எண்ணெயில் தண்ணீர் பட்டால் தீ எழும்பும் என்று நான் அப்போதுதான் சொல்லி முடித்திருந்தேன். சட்டி சடசடவென்று இரைந்தது. நுரை விளிம்பு வரை ஏறியது, பிறகு பைய இறங்கியது. ஏத்தங்காய், அதாவது நேந்திர வாழைக்காய்த் துண்டுகள் ஒன்றுமே நடக்காததுபோல் மஞ்சள் மஞ்சளாகப் புரண்டன. காய் சீவிக்கொண்டிருந்த எட்டுப் பெண்களும் சிரித்துவிட்டார்கள்.

"பாத்தியளா டீச்சர்? முப்பது வருசமா ஒரு நாளைக்கு அம்பது தடவ ஊத்துகேன். தீ எழும்பும்னா நான் இந்நேரம் குழிக்குள்ளல்லா கெடக்கணும்."

நான் டீச்சர் அல்ல. பெயர் லில்லிபாய். தீயணைப்பான்களை விற்று, ரீஃபில் செய்து, ஆண்டுக்கொரு முறை சோதித்து அட்டை கட்டிவிட்டு வரும் நாகர்கோவில் ஏஜென்சி ஒன்றில் போன் எடுக்கச் சேர்ந்தவள். டெக்னீஷியன் லீவு போட்ட ஒருநாள், "நீ போய் பிரஷர் பாத்துட்டு வாயேன்" என்று முதலாளி அனுப்பினார். அன்று ஸ்கூட்டரில் ஏறியவள்தான், இன்னும் ஆறு மாதத்தில் ஓய்வு. போகிற இடமெல்லாம் நின்று விளக்கம் சொல்வதால் டீச்சர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பாதிப் பேர் மரியாதையாகக் கூப்பிடுவார்கள், மீதிப் பேர் கேலிக்கு. மாஸ்டர் இரண்டாவது கூட்டம்.

இது நடந்தது மூன்று ஓணத்துக்கு முன்பு. இரணியல் ரயில் ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் ராஜமணி என்பவர் ஏத்தங்காய் சிப்ஸ் போடும் ஷெட் வைத்திருக்கிறார். மஸ்கட்டில் பதினைந்து வருடம் இருந்துவிட்டு வந்து தொடங்கியது. அங்கே காய் பொரிப்பவர்தான் மாஸ்டர். ஓணம் நெருங்கினால் கேரளத்துக்கு மூட்டை மூட்டையாகச் சரக்கு போகும். சிப்ஸில் உப்பைத் தூவுவது எங்கள் பக்கத்து வழக்கமில்லை. உப்பும் மஞ்சளும் கரைத்த தண்ணீரை, காய் வேகும்போதே எண்ணெயில் ஊற்றுவார்கள். அப்போதுதான் ஒவ்வொரு துண்டிலும் உப்பு ஏறும். நானும் சின்ன வயதிலிருந்து அந்த சிப்ஸைத் தின்று வளர்ந்தவள்தான். ஆனால் வகுப்பெடுக்கும் வேகத்தில் அது என் புத்திக்கு வரவில்லை.

அந்தச் சட்டிக்கு ஒரு கை தூரத்தில், தூணில், ஒன்பது லிட்டர் தண்ணீர் எக்ஸ்டிங்குயிஷர் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. கேஸ் சிலிண்டரைக் கேஸ் குற்றி என்பதுபோல ஊரார் இதைச் சிவப்புக் குற்றி என்பார்கள். அந்தக் குற்றியை அங்கே மாட்டியது வேறு யாருமில்லை, நான்தான். மாட்டியபோது அந்த இடத்தில் விறகும் தேங்காயின் நார்மட்டையான தொண்டும் காலிச் சாக்கும் அடுக்கியிருந்தார்கள். பிறகு ஷெட்டை மாற்றிக் கட்டியதில் விறகும் தொண்டும் வாசலோரம் போய், அடுப்பு இங்கே வந்துவிட்டது. குற்றியை யாரும் நகர்த்தவில்லை. அதில் கட்டியிருந்த அட்டையில் என் கையெழுத்து இருந்தது.

நாளைக்கு அந்தச் சட்டி எரிந்தால் மாஸ்டர் என் குற்றியைத்தான் எடுத்து அடிப்பார்.

2. தண்ணீர் என்ன இளக்காரமா?

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். இப்போது வருகிற பிள்ளைகள் தண்ணீர்க் குற்றி என்றாலே முகத்தைச் சுளிக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் பவுடர் போதும் என்று நினைப்பு. எனக்குக் கோபம் வரும்.

விறகு, காகிதம், துணி, வைக்கோல், தொண்டு, கயிறு, இப்படி எரிந்தால் கனலும் சாம்பலும் மிஞ்சுகிற எல்லாம் ஏ கிளாஸ். இதில் மேலே தெரிகிற தீ பாதிதான், மீதி உள்ளே உட்கார்ந்திருக்கும். ஒருமுறை தேங்காய்ப்பட்டணம் போகும் வழியில் தேங்காய் நார் உலர்த்தும் ஒரு தும்புக் களத்தில் தீ. பவுடர் அடித்தார்கள், அணைந்தது. எல்லோரும் டீ குடிக்கப் போய்த் திரும்புவதற்குள் குவியலின் நடுவிலிருந்து மறுபடியும் புகை. மூன்று தடவை இப்படி நடந்தது. நான் போய் இரண்டு தண்ணீர்க் குற்றியை, குவியலைக் கிளறிக் கிளறி உள்ளே இறக்கினேன். தும்பு உஸ்ஸென்று பெருமூச்சு விட்டுக் குளிர்ந்தது. அந்தச் சத்தம் எனக்கு எந்தப் பாட்டையும்விடப் பிடிக்கும். சூட்டைக் குடித்து உள்வரை குளிர வைக்கத் தண்ணீரை மிஞ்ச ஒன்றுமில்லை.

ஆனால் பெட்ரோல், டீசல், எண்ணெய் எரியும்போது தண்ணீரை எடுக்கக் கூடாது. கரண்ட் ஓடுகிற இடத்தில் கூடவே கூடாது, தண்ணீர் வழியாகக் கரண்ட் நம் கைக்கே வரும். சமையல் எண்ணெய்க்கென்றே கே டைப் என்று தனிக் குற்றி இருக்கிறது. இதையெல்லாம் நான் ஆயிரம் தடவை ஒப்பித்திருக்கிறேன். எண்ணெய்க்கு ஏன் தண்ணீர் ஆகாது என்று ஒருநாளும் என்னை நானே கேட்டதில்லை. அதைத்தான் மாஸ்டர் ஒரு குவளையில் காட்டிக் கொடுத்துவிட்டார்.

ராஜமணியிடம் கே டைப் ஒன்று வாங்கி வையுங்கள் என்றேன். அவர் வாய் நிறையச் சிரித்து, "ஓணம் கழியட்டு, பாப்போம்" என்றார். எங்கள் ஊரில் ஓணத்துக்கு முன்னால் ஒரு சிப்ஸ் முதலாளி வேறு பதில் சொல்லி நான் கேட்டதில்லை. அன்று நான் செய்ய முடிந்தது ஒன்றுதான். தண்ணீர்க் குற்றியைக் கழற்றிக்கொண்டு போய் வாசலோரம், விறகுக்குப் பக்கத்தில் மாட்டினேன். சீவுகிற பெண்களில் மூத்தவளான தங்கபாயைக் கூப்பிட்டு, இது விறகுக்கும் சாக்குக்கும்தான் என்று சொல்லிக் கொடுத்தேன். அவள் குற்றியின் பாதுகாப்புப் பின்னைத் தொட்டுப் பார்த்து, எந்தப் பக்கம் இழுக்க வேண்டும், எங்கே அமுக்க வேண்டும் என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டாள்.

3. மாஸ்டரின் காது

தோற்றது எனக்கு ஆறவில்லை. மறுநாளே திரும்பப் போனேன். வேலை விஷயமாக அல்ல, வேடிக்கை பார்க்க என்று சொல்லி ஒரு சாக்குமேல் உட்கார்ந்துகொண்டேன்.

ஒரு மணி நேரத்தில் புரிய ஆரம்பித்தது. மாஸ்டர் வெறும் எண்ணெயில் தண்ணீர் ஊற்றுவதே இல்லை. சட்டி நிறையக் காய் கிடக்கும்போதுதான் ஊற்றுகிறார். அதுவும் கொஞ்சமாக, சுற்றி வீசுவதுபோல. தண்ணீர் அடியில் போய்ச் சேருவதற்குள் ஆவியாகிவிடுகிறது. எப்போது ஊற்ற வேண்டும் என்று எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். சத்தத்தில் தெரியும் என்றார். காய் வேகும் சத்தம் ஓய்ந்து வரும்போது ஊற்ற வேண்டுமாம். அவர் காது அவ்வளவு கூர்மை. எனக்கு எல்லாச் சத்தமும் ஒன்றாகத்தான் கேட்டது.

பிறகு நான் கேட்டேன், எண்ணெய் புகைகிறபோது ஊற்றுவீர்களா என்று. அவர் என்னைப் பைத்தியக்காரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"பொகையுத எண்ணெயில எவனாவது ஊத்துவானா மக்களே? மூஞ்சியில அடிக்குமே."

"பொகையுத எண்ணெயே மூஞ்சியில அடிக்கும்னா, எரியுத எண்ணெய் என்ன செய்யும் மாஸ்டர்?"

அரிகரண்டி அந்தரத்தில் நின்றது. பிறகு, தன் சட்டி எரியாது, எரியவும் விடமாட்டேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார். அது கோபமல்ல, வித்தை தெரிந்தவனின் வீம்பு. அவருக்கு விளங்கிவிட்டது என்று எனக்கும் தெரிந்தது. ஆனால் வாயால் சொல்லி விளங்கவைப்பது ஒன்று, கண்ணால் காட்டுவது வேறு.

4. ஞாயிறு மத்தியானத்துப் பப்படம்

எரிகிற எண்ணெயில் தண்ணீர் ஊற்றிக் காட்ட, ராஜமணியிடம் கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கினேன். ஷெட்டுக்குப் பின்னால் வெட்டவெளி. மூன்று கல் கூட்டி ஒரு சின்னச் சட்டி, அதில் இரண்டு குவளை பழைய எண்ணெய். தேங்காய் பறிக்கும் நீளக் கம்பின் நுனியில் மாஸ்டருடைய உப்புத்தண்ணீர்க் குவளையையே கட்டினேன். வேறு குவளை என்றால், அது டீச்சருடைய தந்திரக் குவளை என்று பேச்சு வரும். எல்லோரையும் இருபதடி தள்ளி நிற்கவைத்து, பக்கத்தில் மணலும் பவுடர் குற்றியும் வைத்துக்கொண்டேன். இதை எவரும் வீட்டில் செய்து பார்க்கக் கூடாது, இப்போதே சொல்லிவிடுகிறேன்.

எண்ணெய் லேசில் தீப்பிடிக்காது. நேரம் போய்க்கொண்டே இருந்தது. வெயில் உச்சியில் அடித்தது. பெண்கள் கொட்டாவி விட ஆரம்பித்தார்கள். தங்கபாய் என்னைப் பார்த்து, "டீச்சரே, சும்மா கெடக்குத எண்ணெதானே, ரெண்டு பப்படம் பொரிச்சு எடுத்துரலாமா?" என்றாள். மறுபடியும் சிரிப்பு. மாஸ்டர் பீடியைப் பற்ற வைத்தார். எரியாமலே போனால் இந்த ஷெட்டில் என் பேச்சுக்குப் பத்துப் பைசா மரியாதை இருக்காது.

பிறகு புகை வெளுப்பிலிருந்து நீலமாகியது. திடீரென்று, யாரும் கொளுத்தாமலே, எண்ணெயின் முகத்தில் தீ ஓடியது. நான் கம்பை நீட்டிக் குவளையைக் கவிழ்த்தேன்.

என்ன சொல்ல! பூமி இருமியதுபோல ஒரு சத்தம். சட்டியிலிருந்து தீ ஒரு தூணாக எழும்பி, பக்கத்துத் தென்னையின் தாழ்ந்த ஓலையைத் தொட்டுவிட்டு இறங்கியது. எரிகிற எண்ணெய்த் துளிகள் பத்தடி சுற்றளவில் மணலில் விழுந்து தனித்தனியாக எரிந்தன. இத்தனைக்கும் ஊற்றியது அரைக் குவளைகூட இல்லை. தண்ணீர் கனம் கூடியது, எண்ணெய்க்கு அடியில் போகும். அந்தச் சூட்டில் கண் மூடித் திறப்பதற்குள் ஆவியாகிப் பல நூறு மடங்கு பெருகும். பெருகி மேலே வரும்போது எரிகிற எண்ணெயையும் தூக்கிக்கொண்டு வரும். இதை நான் அந்த வயதில்தான் முதல்முறையாகக் கண்ணால் பார்த்தேன். எனக்குப் பயமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன.

மறுபடியும் எண்ணெய் வைத்து, எரியவிட்டு, இந்த முறை ஒரு தட்டை வைத்து மூடிக் காட்டினேன். தீ ஒரு சத்தமும் இல்லாமல் செத்தது. மாஸ்டர் பீடியைக் காலில் தேய்த்துவிட்டு, கருகிய ஓலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். திங்கட்கிழமை ராஜமணி கொல்லரிடம் சொல்லி, பெரிய சட்டிக்கு நீளக் கைப்பிடி வைத்த இரும்பு மூடி ஒன்று அடித்துக் கொண்டுவந்தார்.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்து நான் தலைகால் தெரியாமல் ஆடிய இரண்டு நாள் அது.

5. வலது கை

மூன்றாம் நாள் மூடி எங்கே இருக்கிறது என்று பார்க்கப் போனேன். பத்திரமாகச் சுவரோரம் சாத்தி வைத்திருந்தார்கள். அடுப்பு இன்னும் மூட்டவில்லை. மாஸ்டர் தன் இடத்தில் நின்று ஓணத்துக்கு எத்தனை வாழைக்குலை வரும் என்று பேசிக்கொண்டிருந்தார். எனக்கு என்ன தோன்றியதோ, அவர் பேச்சின் நடுவில், "மாஸ்டர், சட்டியில தீ" என்று கத்தினேன்.

அவர் வலது கை சட்டென்று நீண்டு உப்புத்தண்ணீர்க் குவளையை எடுத்துவிட்டது.

பெண்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, மாஸ்டரும் சிரிக்கவில்லை. கையிலிருந்த குவளையை அவர் பார்த்த பார்வை எனக்கு இன்றும் மறக்கவில்லை. தென்னை ஓலை கருகியதைக் கண்ணால் பார்த்தவர், தண்ணீர் எப்படிக் கொல்லும் என்று மற்றவர்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டு திரிந்தவர் அவர். தலைக்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை. முப்பது வருடம் ஒரு நாளைக்கு ஐம்பது தடவை பழகிய கை. என் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை என்ன செய்துவிடும்?

அன்றே அவருக்கு வலது பக்கத்தில், குவளை தொங்கிய அதே ஆணியில், மூடியை மாட்டினேன். உப்புத்தண்ணீர்ப் பாத்திரமும் குவளையும் இடது பக்கத்துக்குப் போயின. அதற்கு அவர் போட்ட சண்டையை எழுதினால் தனியாக ஒரு புத்தகம் வரும். இடது கையால் ஊற்றினால் வீச்சு சரியாக வராது, உப்பு ஒரு பக்கம் கூடும், மறுபக்கம் குறையும், ஓணத்துச் சரக்கு கெட்டால் யார் பதில் சொல்வது என்று குதித்தார். "சவம், என் கையையே வெட்டிக் கொண்டு போயிரு" என்றார்.

அடுத்த வாரத்தில் மூன்று தடவை நான் வழியில் இறங்கிப் பார்த்தேன். மூன்று தடவையும் குவளை வலது பக்கத்துக்கே திரும்பி வந்திருந்தது. நான் எடுத்து இடது பக்கம் வைப்பேன், அவர் பல்லைக் கடிப்பார். நான்காவது தடவை குவளை இடது பக்கத்திலேயே இருந்தது. தங்கபாய் காதோடு சொன்னாள், மாஸ்டர் இடது கைக்குப் பழகிவிட்டார், இப்போது உப்பும் சரியாகத்தான் விழுகிறது, டீச்சரிடம் சொல்லக் கூடாது என்று கட்டளையாம்.

6. குலை வண்டி

திருவோணத்துக்கு முந்தின நாளான உத்திராடத்துக்கு நாலு நாள் முன்பு. காலை பதினொரு மணி இருக்கும். ஷெட் வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தும்போதே மூக்கில் அந்த நாற்றம் ஏறியது, புகைந்த எண்ணெய். உள்ளே ஆளில்லை. பின்பக்கம் ஏத்தங்குலை லாரி வந்து நின்றதால் எல்லோரும் இறக்கப் போயிருக்கிறார்கள். மாஸ்டரும் போயிருக்கிறார், குலையைத் தட்டிப் பார்த்து எடுக்க அவர் யாரையும் நம்பமாட்டார். அடுப்பிலிருந்து விறகை இழுத்துவிட்டுப் போக யாருக்கும் தோன்றவில்லை.

நான் கூச்சல் போட்டேன். அதே நொடியில் சட்டி பற்றியது.

தீ தகரக் கூரை வரை போனது. காற்றுக்குத் தடுப்பாகக் கட்டியிருந்த சாக்குத் திரை எரிந்து, துணுக்குகள் பறந்து வந்து வாசலோரத் தொண்டில் விழுந்தன. நான் மெயின் சுவிட்சை இழுத்து அணைத்தேன். எனக்கும் சட்டிக்கும் நடுவில் தொண்டு எரிகிறது, தாண்டிப் போக முடியாது. பின்வாசல் வழியாக மாஸ்டர் ஓடி வருவது புகைக்கு நடுவில் தெரிந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் யோசனை என்று ஒன்றுமில்லை, பயம் மட்டும்தான். அவர் ஓடிவந்து தன் வழக்கமான இடத்தில் நின்றார். வலது கை நீண்டது.



கையில் மூடி வந்தது. அரை நொடி அவர் அதைப் பார்த்தார். பிறகு, நான் காட்டியபடியே, தன் பக்கத்து விளிம்பில் ஊன்றி, தனக்கும் தீக்கும் நடுவில் மறைவாக வைத்துக்கொண்டு, அப்படியே முன்னால் தள்ளி மூடினார். கூரை வரை நின்ற தீ அப்படியே காணாமல் போயிற்று.

அதற்குள் வெளியே சுற்றி ஓடி வந்து எனக்குப் பின்னால் நின்றாள் தங்கபாய். குலை இறக்கிய கறையோடு சிவப்புக் குற்றியைக் கழற்றிப் பின்னை உருவிவிட்டாள். "சட்டிப் பக்கம் காட்டாத பிள்ளே, தொண்ட மட்டும் பாரு" என்றேன். பாருங்கள், அவள் ஒரு சொட்டைக்கூட அந்தப் பக்கம் விடவில்லை. கீழே குறி வைத்து, குவியலைக் காலால் கிளறி, உள்ளே உட்கார்ந்திருந்த கனல் வரை தண்ணீரை இறக்கினாள். தொண்டு உஸ்ஸென்று பெருமூச்சு விட்டது. ஒன்பது லிட்டர் தீர்ந்தபோது புகை மட்டும்தான் மிச்சம். ஒரே ஷெட்டில், ஒரே நேரத்தில், தண்ணீர் பட்டே ஆகவேண்டிய தீயும் தண்ணீர் படவே கூடாத தீயும். இத்தனை வருட வேலையில் நான் அப்படி ஒரு காட்சியைப் பார்த்ததில்லை.

அடுப்பு விறகை இழுத்து மணல் போட்டோம். மாஸ்டருக்கு வலது முழங்கையில் ரோமம் கருகியிருந்தது, தோலுக்கு ஒன்றுமில்லை. அவருக்கு மூடியைத் திறந்து எண்ணெயைப் பார்க்க வேண்டுமாம். சூடு ஆறாமல் திறந்தால் காற்றுப் பட்டு மறுபடியும் பற்றும் என்று சொல்லி, ஒரு பலகையை இழுத்துப் போட்டுச் சட்டிக்குக் காவலாக உட்கார்ந்தேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். ராஜமணி அங்கேயே நின்று எங்கள் ஆபீசுக்குப் போன் போட்டு, கே டைப் குற்றி இன்றைக்கே வேண்டும் என்றார். ஓணம் கழியும் வரை அவருக்கும் பொறுக்கவில்லை.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் பயிற்சி ஒரு மனிதனைக் காப்பாற்றியிருக்கிறது. என் வகுப்பு ஞாபகம் வந்தது என்று அவர் வாயாலேயே கேட்டுவிட ஆசை.

"ஞாயித்துக்கிழம காட்டுனது ஓர்ம வந்துது இல்லியா மாஸ்டர்?"

அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஓர்மையா? ஒரு மண்ணும் வரல்ல மக்களே. நான் உப்புத்தண்ணியத்தான் எடுக்கப் போனேன். கையில மூடி வந்துட்டு."

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அந்தப் பலகையில் உட்கார்ந்தபடியே அழுதுவிட்டேன். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார், புகை என்றார்.

தொழிலுக்கு வருகிற பிள்ளைகளே, எந்தத் தீக்கு எந்தக் குற்றி என்று படித்துக்கொள்ளுங்கள், அது இல்லாமல் முடியாது. ஆனால் தீ வரும்போது நம் வகுப்பு யாருக்கும் ஞாபகம் வராது. இப்போது நான் எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் பிரஷர் மீட்டரைப் பார்ப்பதில்லை. ஒரு ஓரமாகப் பத்து நிமிடம் நின்று, அங்கே வேலை செய்கிறவரின் கை யோசிக்காமல் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கிறேன். பிறகு குற்றி மாட்டும் ஆணியை அங்கே அடிக்கச் சொல்கிறேன்.